எலும்புக்குள் குடியேறியவை

மேல்மலையில் ஓடைத் தண்ணீரைத் திருப்பி, தொட்டிகள் கட்டி, டிரவுட் மீன் வளர்க்கும் பண்ணை ஒன்றில் என் அண்ணனுக்கு வேலை. வீடு ஊட்டிக்கு அப்பால் இத்தலாரில். நான் குன்னூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். அப்பா காரமடையிலிருந்து ஊட்டி மார்க்கெட்டுக்கு வந்து கடை வைத்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்கள் குடும்பம் என்பது அண்ணன், அண்ணி, நான் என்று சுருங்கிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து இத்தலார் போவேன். அன்றைக்கு அண்ணன் பண்ணையிலிருந்து இரண்டு மீன் வாங்கி வைத்திருப்பார்.

அந்த ஞாயிறும் வாசல் குழாயடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, முதுகெலும்பை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புப் பட்டை நீளமாகத் தெரியும். அதை ஒரு பழைய ஸ்பூனால் சுரண்டி எடுத்தால்தான் மீன் கசக்காது என்பது அவர் கணக்கு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்னன்னு தெரியுமாங்கண்ணா?" என்று கேட்டேன்.

"ரத்தம் உறைஞ்சு கெடக்குது. வேறென்ன?"

"கிட்னிங்க. மீனுக்கு ரத்தம் ஊறறதே அங்கதான். நமக்கு எலும்புக்குள்ள ஊறுற மாதிரி."

"ஞாயித்துக்கெழமையும் கிளாஸ் எடுக்கறா பாரு" என்று உள்ளே இருந்த அண்ணிக்குக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் கவனம் தப்பி, அடுத்த மீனைக் கீறிய கத்தி நுனி கட்டை விரலில் பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான். குழாய்த் தண்ணீரில் காட்டினார். ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றினோம், துணி நனைந்தது. குழம்பு கொதித்து இறக்கி, இலை போட்டு உட்கார்ந்த பிறகும் அவர் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். அண்ணி அப்போதுதான் சொன்னார்: "கொஞ்ச நாளா இப்பிடித்தான் இருக்குது. மேடு ஏறுனா மூச்சு வாங்குது. முழங்காலுக்குக் கீழ பாரு, எங்கயும் இடிச்சுக்கவே இல்லைங்கறாரு, ஆனா நீலம் நீலமா கெடக்குது."

வேட்டியைச் சற்று உயர்த்திக் காட்டச் சொன்னேன். பார்த்ததும் இலையை மடக்கிவிட்டேன். படித்தவளுக்கு இருக்கும் தொல்லை இது. எந்தப் பாடத்தில் அந்த நீலம் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஊட்டியில் ரத்தம் சோதித்தார்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று மூன்றும் குறைவு. உடனே கீழே போகச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ரத்த நோய்க்கான டாக்டர் ஒரு பெண், என்னைவிடச் சில வயது இளையவர். எங்கள் மூவரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

"எலும்புக்குள்ள ரத்தத்தை உற்பத்தி பண்ற தாய் அணுக்கள் இருக்கணும். இவருக்கு அந்த இடம் கிட்டத்தட்ட காலியா இருக்குங்க. வெறும் கொழுப்புத்தான் இருக்கு. இது கேன்சர் இல்லை. ஆனா லேசாவும் எடுத்துக்க முடியாது."

"எப்பிடிங்க காலியாச்சு?" என்று அண்ணி கேட்டார்.

"பெரும்பாலும் அவரோட வெள்ளையணுக்களே அந்தத் தாய் அணுக்களை வெளியாளுன்னு தப்பா நினைச்சு அழிச்சிருக்கும். ஏன் அப்படி நினைக்குதுன்னு எல்லா நேரத்துலயும் சொல்ல முடியறதில்லைங்க."

அண்ணன் வெளியே வந்து, காரிடாரில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, "எம்மேல எனக்கே என்ன கோவம்?" என்றார்.

வருடாவருடம் நான் நோய் எதிர்ப்பைப் பற்றிய இந்தப் பாடத்தை நடத்துகிறேன். போர்டில் ஒரு கோட்டையை வரைவேன். வாசலில் காவலாளிகள், உள்ளே படைவீரர்கள், வெளியே கிருமிகள். பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய வாரத்தில் அதே பாடம் வந்தது. சாக்பீஸை எடுத்துக் கோட்டைக்கு முதல் கோடு போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. தன் கோட்டையைத் தானே இடித்த படையை எப்படி வரைவது? அழித்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் நிறைய வாசித்தேன். குன்னூரிலிருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும்வரை போனில் வாசிப்பேன். மருத்துவத்தைப் பற்றிய பக்கங்கள் பயமுறுத்தின. அதனால் எனக்குப் பழக்கமான பக்கம் ஒதுங்கினேன். இந்த அணுக்கள் எங்கிருந்து வந்தன, எந்த உயிரில் முதலில் தோன்றின என்று தேடினேன். எலும்பே இல்லாத நட்சத்திர மீனுக்குள்ளும் இப்படி அலையும் அணுக்கள் இருக்கின்றன. அமீபாவைப் போல உடம்பை நீட்டி நகர்ந்து, அழுக்கையும் செத்துப்போன அணுவையும் உள்ளே நுழைந்த அந்நியப் பொருளையும் விழுங்குகின்றன. கடற்பஞ்சுக்குள்ளும் அப்படித் திரிபவை உண்டு. நம் ரத்தத்திலும் அதே வேலையைச் செய்பவை இருக்கின்றன. விழுங்குவதும் சுத்தம் செய்வதும் மிகப் பழைய வேலைகள். யார் நம்மவர், யார் வெளியாள் என்று ஒவ்வொன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள் வெகு காலம் கழித்து, முதுகெலும்புள்ள உயிர்களில்தான் வந்தன. நினைவு வந்தபோது தவறும் கூடவே வந்திருக்க வேண்டும் என்று பர்லியாறு தாண்டும்போது ஒருமுறை எனக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது? பக்கத்து சீட்டில் ஒரு அம்மா கேரட் மூட்டையை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

மருந்திலேயே முயன்று பார்க்கலாம், ஆனால் கூடப்பிறந்தவருடைய மஜ்ஜை பொருந்தினால் அதுதான் நல்ல வழி என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர்களுக்குள் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். என் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசினால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று ஒரு பயம்.

பொருந்தியது. போனில் சொன்னார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்து, மதில் ஓரம் நின்று, எதிர்ச் சரிவில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அண்ணிக்குப் போன் செய்தேன். அவர் அழுதார். நானும் அழ வேண்டியிருந்தது.

சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் அண்ணனுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றிய இரண்டு நாள் முகத்தில் களை இருக்கும், பேசுவார். அப்படி ஒரு மத்தியானம் கேட்டார்: "ஏனம்மிணி, மீனுக்குக் கிட்னியில ஊறுதுன்னு சொன்னியே. நமக்கு ஏன் எலும்புக்குள்ள போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஞாயித்துக்கெழம கிளாஸ் பிடிக்கலைன்னீங்க?"

"இப்ப எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான். சொல்லு."

சொன்னேன். அந்தத் தாய் அணுக்களுக்கு வெயில் ஆகாது. சூரியனின் கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டால் அவற்றின் உள்ளே இருக்கும் மரபணு எழுத்துகள் சிதைந்துவிடும். மீன் தண்ணீருக்குள் இருந்தாலும் மேலிருந்து வெளிச்சம் முதுகில்தான் விழுகிறது. அதனால் பல மீன்களுக்கு அந்தக் கிட்னியின் மேல் கறுப்பு நிற அணுக்கள் ஒரு படலமாகப் படர்ந்திருக்கும், குடை பிடித்த மாதிரி. தவளை தலைப்பிரட்டையாக இருக்கும்போதும் அந்தக் குடை இருக்கிறது. கால் முளைத்துத் தரைக்கு வந்த பிறகு வெயில் எல்லாப் பக்கத்திலிருந்தும் அடிக்கிறது. குடை போதாது. எலும்பைப் போல நிழலான இடம் உடம்பில் வேறு எது? அதனால் அங்கே குடி போயிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லிவிடவில்லை.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோவை வெயில் கட்டிலின் பாதிவரை வந்து கிடந்தது.

"அந்தக் கறுப்புத் தோலைப் பாத்திருக்கறன்" என்றார். "கிட்னி மேல மெல்லிசா இருக்கும். வெரலோட வரும். அழுக்குன்னு நெனச்சுக் கழுவி ஊத்தியிருக்கறன் இத்தன வருசமா." பிறகு காலை மெதுவாக மடக்கிக்கொண்டு, "நம்ம எலும்புக்குள்ள நெழலு மட்டும் மிச்சம், குடியிருக்க ஆளில்ல" என்றார். அதை வருத்தமாகச் சொல்லவில்லை. காலி வீட்டைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

என்னைக் குப்புறப் படுக்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். விழித்தபோது யாரோ இடுப்பில் மிதித்தது போல வலி. இரண்டு வாரம் குனிய முடியவில்லை, அவ்வளவுதான். எடுத்ததை ஒரு பையில் கட்டிக் கொண்டுபோனார்களாம். எனக்கு அதைப் பார்க்க ஆசை. அண்ணிதான் பார்த்தார். அண்ணனின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அவருக்கு ஏற்கெனவே கடுமையான மருந்து கொடுத்து, மிச்சமிருந்த பழைய அணுக்களையும் துடைத்தெடுத்திருந்தார்கள். முடி கொட்டியிருந்தது. அந்தப் பையை சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே கம்பியில் மாட்டினார்கள்.

"அறுக்கறது, தைக்கறது ஒண்ணுமே இல்ல" என்று அண்ணி பிறகு சொன்னார். "சொட்டுச் சொட்டா எறங்குச்சு. இதுக்கா இத்தன பாடுன்னு இருந்துச்சு. எலும்புக்குள்ள போகணும்னா ரத்தக் குழாயில எதுக்கு ஊத்தறாங்கன்னு அந்த டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டன். அதுகளே வழி கண்டுபிடிச்சுப் போயிருமாமா."

அதுகளுக்கு வழி தெரியும். எலும்பு ஒரு வகை ரசாயன வாசனையை விடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கின்றன. இந்த அலைச்சல் அவற்றுக்குப் புதிது இல்லை. கருவில் முதுகுப் பக்கமாக ஓடும் பெரிய ரத்தக் குழாயின் சுவரில் இவை பிறக்கின்றன. மீனிலும் அப்படித்தான், நம்மிலும் அப்படித்தான். பிறந்த இடத்தில் தங்குவதில்லை. மீன் குஞ்சில் முதலில் வால் பக்கம் கொஞ்ச நாள், பிறகு கிட்னி. மனிதக் கருவில் முதலில் ஈரல், பிறகு எலும்பு. இந்த மலையில் யாரைக் கேட்டாலும் எங்கிருந்தோ ஏறி வந்த கதை ஒன்று வைத்திருப்பார்கள், காரமடை, மைசூர், கண்டி என்று. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, என் அணுக்கள் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

மூன்றாவது வாரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை மெல்ல ஏறியது. டாக்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து எங்களிடம் சொன்னார். அண்ணன் உள்ளே இருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணி அன்றைக்கு கேன்டீனில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து அண்ணனை வைத்திருந்தோம். அங்கே வந்து சில வாரங்கள் கழித்து உள்ளங்கை சிவந்தது. பிறகு பாதம், காது மடல், மார்பு. தோல் எரிந்தது, உரிந்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. மறுபடி சேர்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

"இதை எதிர்பார்த்துத்தான் இருந்தோம்" என்றார் டாக்டர். "புதுசா போன அணுக்கள் இவரோட தோலையும் குடலையும் வெளியாளுன்னு நினைக்குது."

"என்னோட அணுக்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. உங்களோடதுதான்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். பொருந்தினாலும் இது வரலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்த வார்த்தை என்னைத் தாக்கியது. சின்ன வயதில் ஊட்டிக் குளிரில் ஒரே கம்பளிக்குள் படுத்தவர்கள் நாங்கள். என்னைப் பள்ளிக்கூடம்வரை கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவரை என் உடம்பிலிருந்து போனது எதுவோ அந்நியர் என்று சொல்லிவிட்டது. முட்டாள்தனமான வருத்தம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததால் குறையவில்லை. டாக்டரின் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது.

அவர் என் நாற்காலியை நெருங்கி உட்கார்ந்தார். "நீங்க பயாலஜி டீச்சர்தானே? தைமஸ் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்ப சண்டை போடறது உங்க தைமஸ்ல படிச்சு முடிச்சுட்டு வந்ததுங்க. உங்க உடம்பை மட்டும்தான் தெரியும். அந்தப் பையிலயே கூட வந்துருச்சு. ஆனா உங்க தாய் அணுக்கள் இவரோட எலும்புல உக்காந்து புதுசா பெத்துப் போடுது பாருங்க, அது இவரோட தைமஸ்ல போய்ப் படிக்கும். அந்தப் பிள்ளைங்களுக்கு இவர்தான் வீடு. கொஞ்சம் நாள் ஆகும். அதுவரைக்கும் பழசுங்களை மருந்து கொடுத்து அடக்கி வைப்போம்."

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. எலும்பிலிருந்து வரும் இளம் அணுக்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. தன் உடம்பைத் தாக்கக்கூடியதாக இருக்கும் அணு அங்கேயே அழிக்கப்படுகிறது. ஒன்றுக்கும் உதவாததும் அழிகிறது. உள்ளே போவதில் மிகச் சொற்பம்தான் வெளியே வருகிறது. அந்த அளவுக்குக் கண்டிப்பான பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்க்க மாட்டேன். வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும், ஆனாலும் நாற்பதை நெருங்கிய அண்ணனுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கருவில் அது உண்டாவது நெஞ்சில் இல்லை, தொண்டைப் பக்கத்தில். மீனுக்கு எந்த மடிப்புகளிலிருந்து செவுள் வருகிறதோ அதே மடிப்புகளிலிருந்து நமக்கு தைமஸ் வருகிறது, பிறகு கீழே இறங்குகிறது. மீனில் அது இன்னும் செவுளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரோடு வெளி உலகம் முழுவதும் உள்ளே நுழையும் வாசல் செவுள். எது நம்முடையது, எது வெளியே இருந்து வந்தது என்று கற்றுக்கொடுக்கும் இடம் அந்த வாசலோரமாகத் தொடங்கியதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குப் பட்டது. அன்றைக்கு அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனிடம் போனேன். கைகளில் களிம்பு தடவி விரித்து வைத்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சின்னதுல பக்கத்துல படுத்தா நகத்தால நுள்ளுவ. இப்ப உள்ள போயும் நுள்ளற."

"வலிக்குதுங்களாண்ணா?"

"எரியுது. நீ நுள்ளுனா எரியத்தான செய்யும்." களிம்புக் கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அழுதியாமா டாக்டர்கிட்ட. எதுக்கு? அதுக்குத் தெரியுமா நான் யாருன்னு. நாம அதுக்குச் சொல்லித் தரலை. பழகிக்கும் போ" என்றார்.

மருந்துகளால் முகம் வீங்கி, கை நடுங்கி, அவர் பட்ட பாடு பெரிது. அண்ணி அவருக்குக் கஞ்சி ஊட்டிய நாட்கள் உண்டு. ஆனால் தோல் மெல்ல ஆறியது. ஆறிய இடங்களில் நிறம் மாறிக் கறுத்திருந்தது.

இத்தலாருக்கு அவரைக் கொண்டுவருவதற்கு முன்னால் நானும் அண்ணியும் வீட்டைச் சுத்தம் செய்தோம். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளின் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குப் பின்னால், கூரையின் மூலையில், துணி அடுக்கிய பெட்டியில், எங்கும் பச்சையும் கறுப்புமாக. நாங்கள் பிறந்ததிலிருந்து அதோடுதான் வாழ்ந்தோம், யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது அது அண்ணனைக் கொன்றுவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சுவர்களைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வெள்ளை அடித்தோம். தோட்டத்தில் போட வாங்கி வைத்திருந்த கோழி எருவை வெகு தூரம் தள்ளிக் கொட்டினோம். அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையைத் தேய்த்துக்கொண்டே, "இத்தன கிருமியோடயா இத்தன நாளு குடும்பம் நடத்துனோம்?" என்றார். கைக்குழந்தை வரும் வீட்டைப் போல அந்த வீட்டை நாங்கள் தயார் செய்தோம்.

உண்மையிலேயே அது அப்படித்தான் ஆனது. ஒரு வருடம் ஆன பிறகு டாக்டர் சொன்னார்: அண்ணன் சின்ன வயதில் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளை நினைவில் வைத்திருந்த அணுக்கள் எல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டன. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். அவர் குறித்துக் கொடுத்த ஊசிகள் ஊட்டியில் ஒரு குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில்தான் கிடைத்தன.

நானும் கூடப் போனேன். சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்திருந்தது. தாய்மார்கள் குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார்கள். முகக்கவசம் போட்ட அண்ணன் ஒரு சின்ன ஸ்டூலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்தபோது நர்ஸ் எங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"ஏனுங்க, குழந்தை எங்கீங்க?"

"நான்தானுங்க" என்றார் அண்ணன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் விவரத்தைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்டு முடித்து அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது அந்தப் பெண், "என் புள்ள அழாம போட்டுக்கணும்னு அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்றார். அண்ணன் அந்தக் குழந்தையின் முன் தன் கையில் இருந்த பஞ்சைக் காட்டி, "சும்மா எறும்பு மாதிரிடா" என்றார். அது அவரைப் பார்த்தே அழுதது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அண்ணன் கையில் இருந்த சோதனைத் தாளைப் பிரித்தார். ரத்த வகை என்ற இடத்தில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. அது என்னுடையது. பிறந்ததிலிருந்து அவர் பி பாசிட்டிவ்.

"டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க, மாறும்னு" என்றார். "பி அப்பாவோடது. அவருக்கு ஆபரேசன் பண்ணப்ப நான்தான் குடுத்தன். அது போயிருச்சேன்னு இருக்குது."

அவர் குரலில் இருந்தது துக்கம்தான். இத்தனை மாதமும் எதற்கும் அப்படிப் பேசாதவர்.

"போகலைங்கண்ணா" என்றேன். "அம்மா ஓ குரூப். நான் ஓ-வா பொறந்திருக்கேன்னா அப்பாகிட்ட பி மட்டும் இருந்திருக்க முடியாது. உள்ள ஒரு ஓ இருந்திருக்குது, வெளிய தெரியாம. உங்களுக்கு பி-யைக் குடுத்தாரு, எனக்கு அந்த ஓ-வைக் குடுத்தாரு. உங்க ரத்தம்தான் மாறுச்சு, தோலு, சதையெல்லாம் பழைய மாதிரி பி-தான். அப்பாகிட்ட இருந்த ரெண்டும் இப்ப உங்ககிட்ட இருக்குது."

அண்ணன் நான் சொன்னதை ஒருமுறை தனக்குள் சரி பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப சரி" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முகக்கவசத்துக்கு மேல் அவர் கண்கள் ஈரமாக இருந்ததைக் கவனிக்காதது போல நான் முன்னால் நடந்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர் பண்ணைக்குத் திரும்பியிருந்தார். தண்ணீரில் இறங்கும் வேலை வேண்டாம் என்று தீனி கொடுப்பதையும் கணக்கையும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது. காய்ச்சல் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தோம். நான் கிளம்பிவிட்டேன். லவ்டேல் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றது. மரத்தை அறுத்து ஒதுக்கும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, எதுவும் யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

அதற்குள் ஊட்டியில் ரத்தம் சோதித்து, கோவை டாக்டருக்குப் போனில் அனுப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றார்.

"வெள்ளையணு ஏறியிருக்குதாமா. ஏறறதுதான் நல்லதுங்கறாங்க. சாதாரண சளிக்கு சாதாரண ஆளுக்கு எப்பிடி ஏறுமோ அப்பிடி. மாத்திரை குடுத்துப் பாருங்க, வர வேண்டாம்னுட்டாங்க."

உள்ளே அண்ணன் கம்பளியைப் போர்த்தி, மூக்கு சிவந்து, மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சளி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு என் பிள்ளைகள் வகுப்பில் பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்கும்போது இருக்கும் சூடு போல இருந்தது. மறுநாள் காலையில் குன்னூருக்குத் திரும்பினேன்.

இரண்டு நாளில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. தொண்டை கட்டி, மூக்கடைத்து, ஒரு வாரமாக வகுப்பில் பேசமுடியாமல் போர்டில் எழுதியே ஓட்டினேன். சனிக்கிழமை அண்ணன் போன் செய்தார்.

"இன்னுமா உனக்குப் போகல?"

"போகலைங்கண்ணா. இருமல் இருக்குது."

"எனக்கு நாலு நாள்ல போயிருச்சே" என்றார். குரலில் மறைக்க முடியாத பெருமை. "ரெண்டு பேரு ரத்தத்துலயும் ஒரே சரக்குதான?"

"சரக்கு ஒண்ணுதான். உங்க வீட்டுல வளந்ததுங்க கெட்டிக்காரங்க போல" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்கப் போய் இருமினேன். சுக்குத் தண்ணி வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, தீனி மூட்டை வந்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.